பேசி முடித்தால் ஒரு சுற்று சுற்றிவிடு

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. சாப்பிட்டிருப்பாய். இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் நம் நகர் நலச் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் போடுகிறேனே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபம் வந்தாலாவது முழுக்கப் படிப்பாய். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கு இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. படித்தாயா, கட்டை விரலால் தள்ளிவிட்டாயா என்று அந்தக் கோட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்திரிகையில் வந்தால், முடிச்சூரில் யாராவது ஒரு புண்ணியவான் "உங்க அம்மா எழுதியிருக்காங்க பாத்தீங்களா" என்று உனக்கு அனுப்பிவிடுவான். ஊர்க்காரன் அனுப்பினால் நீ படிப்பாய், அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும்.

சங்கச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "அம்மா, நீங்க அந்தக் காலத்து டெலிபோன் ஆபரேட்டராமே? ஜாலியா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு சுவாரஸ்யமா இருக்கும்" என்றார். நானும் ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வீங்கின கணுக்காலைப் பார்த்துக்கொண்டே எழுதினால் ஜாலி எங்கிருந்து வரும்? வண்டலூருக்கு அப்பால் இருக்கிற அந்த முதியோர் குடியிருப்பில் போய்ச் சேருகிறேனா, இந்த வீட்டை வாடகைக்கு விடலாமா என்று கேட்டாய். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொன்னாய். "அங்க பெல் அடிச்சா உடனே ஆள் வருவாங்கம்மா" என்றாய். பெல் அடித்தால் ஆள் வருவதைப் பற்றி என்னிடமே சொல்கிறாய். பிள்ளைக்கு அம்மா பார்த்த வேலை என்ன என்றே மறந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்டது கிடைத்த மாதிரி இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சில் டயல் கிடையாது. போன் வைத்திருப்பவர் வீட்டில், போனின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எங்கள் போர்டில் அவருடைய நம்பருக்கு மேலே இருக்கிற சின்னத் தகடு 'டக்' என்று விழும். ஷட்டர் என்போம். அது விழுந்தால் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். கார்டு என்கிற, நுனியில் முளை வைத்த ஒயரை எடுத்து அவர் துளையில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் சொல்லும் நம்பரில் ஜோடிக் கார்டைச் செருகி, அந்தப் பக்கம் மணி அடிக்க வேண்டும். தகடு விழுந்தும் கவனிக்காமல் இருந்தால் சூப்பர்வைசர் அம்மா பின்னால் நின்று கழுத்தைப் பிடிக்காத குறையாகத் திட்டுவார். தகடு விழுந்தவன் பால்காரனா கலெக்டரா என்று பார்க்கக் கூடாது, அவசரமா வெட்டிப் பேச்சா என்று யோசிக்கவும் கூடாது. முதலில் எடு, என்ன என்று கேள், மற்றதெல்லாம் அப்புறம். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட மரியாதை இவ்வளவுதான். பெரிய படிப்பு இல்லை, ஆனாலும் உன் படிப்பில் இது இருந்ததாகத் தெரியவில்லை.

கூப்பிட ஒரு சுற்று இருந்த மாதிரி, முடிக்கவும் ஒரு சுற்று உண்டு. பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகு கைப்பிடியை இன்னொரு தடவை சுற்றிவிட வேண்டும். அப்போது எங்கள் முன்னால் வேறொரு தகடு விழும். முடிந்தது, கார்டைப் பிடுங்கிக்கொள் என்று அர்த்தம். ரிங் ஆஃப் என்று அதற்குப் பெயர். பத்துப் பேரில் ஏழு பேர் அதைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் காரியம் முடிந்தது, நடுவில் உட்கார்ந்திருப்பவள் யாரோ எவளோ! நாங்கள் அவ்வப்போது அந்த லைனுக்குள் போய், "பேசுறீங்களா? பேசுறீங்களா?" என்று செத்த லைனில் கத்திப் பார்த்துவிட்டுத்தான் பிடுங்குவோம். அதற்குள் அவர்களைக் கூப்பிட்ட நாலு பேருக்கு 'லைன் பிஸி' என்று சொல்லியிருப்போம், அந்த நாலு பேரும் எங்களைத் திட்டியிருப்பார்கள். நீ என்னோடு பேசும்போது "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைக்கிறாயே, அது எந்த ரகம் என்று சொல்? முடிந்ததா, முடியவில்லையா? அப்புறம் என்றால் இன்று சாயங்காலமா, அடுத்த தீபாவளியா? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், பழைய வேலைப் பழக்கம்.

எங்கள் போர்டில் இப்படிச் சுற்றிவிடாமல் போவதில் முதல் பரிசு வாங்கக்கூடியவர் ஒரு ரைஸ் மில்காரர். நிலம், மில், நாலு லாரி என்று வசதியான மனிதர். மகன் பட்டணத்தில் ஒரு ஆபீசில் நல்ல உத்தியோகத்தில் இருந்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தியானத்தில் மில்லின் தகடு விழும். "அம்மாடி, நம்ம பையன் ஆபீசு போடும்மா" என்பார். போடுவோம். மகனே எடுப்பான். எடுத்தவுடன், "யாரு, அப்பாவா? சீட்ல இல்லன்னு சொல்லிடுங்க மேடம்" என்பான். எங்களிடம் ஒவ்வொரு ஜோடிக் கார்டுக்கும் ஒரு கீ இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்து ஆளோடு மட்டும் பேசலாம், இந்தப் பக்கத்தவருக்குக் கேட்காது. நடுவில் விட்டால் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். அவன் சொல்வதை அவன் பக்கமாகத் தள்ளிக் கேட்டுக்கொள்வோம். பிறகு பெரியவர் பக்கம் திருப்பி, "சார் சீட்ல இல்லீங்க" என்போம். "அப்பிடியாம்மா, நல்லது. புள்ளைக்கு வேல ஜாஸ்தி" என்று வைத்துவிடுவார். கைப்பிடியைச் சுற்ற மாட்டார். ஒருவேளை மகன் சீட்டுக்குத் திரும்பி வந்தால் லைன் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எங்கள் வாயால், எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு மகன், எங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு பெரியவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் எங்களுக்கு நன்றி வேறு சொல்வார்.

என் பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. கடப்பேரிக்காரி, வாய்த் துடுக்கு. ஒருநாள் மில் தகடு அவள் பக்கம் விழுந்தது. வழக்கம் போலப் போட்டாள், வழக்கம் போல மகன் எடுத்தான். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் கீயைத் தள்ளவில்லை, நடுவிலேயே விட்டுவிட்டாள். தெரியாமல் விட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன், என் கையைத் தட்டிவிட்டாள். அந்த மகன் பேசியது முழுவதும் பெரியவர் காதில் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் போர்டில் அதுவரை அந்த மில்லுக்காக ஒரு தடவைகூட விழாத ரிங் ஆஃப் தகடு விழுந்தது. நிதானமாக, முழுசாக ஒரு சுற்று சுற்றியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாவி, பெரிய மனுஷன் மனச ஒடச்சிட்டியே" என்றேன். ஸ்டெல்லா கார்டைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கெயவன் எத்தினி நாளிக்கு சுத்திக்கினே இருப்பான்? நாம பொய் சொல்லிக்கினே இருந்தா அவுரு சுத்திக்கினேதான் இருப்பாரு. கேட்டுட்டாருல்ல, வுடு." நான் அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. மில்லிலிருந்து பிறகும் கால் வந்தது. நெல் வியாபாரி, லாரி ஆபீஸ், எலெக்ட்ரீஷியன் என்று எல்லாரையும் கேட்டார். பையன் ஆபீசை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

அந்த மகனைப் பற்றி நான் அப்போது கேவலமாக நினைத்தேன். நமக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் இப்படி வளர்க்க மாட்டோம் என்றும் நினைத்தேன். பிறகு நீ பிறந்தாய். நம் வீட்டு ஹாலுக்குப் போன் வந்தபோது நீ காலேஜில் இருந்தாய். உனக்குப் பிடிக்காதவன் கூப்பிட்டால் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவாய், "இல்லேன்னு சொல்லும்மா" என்பாய். நானும் பழக்கப்பட்ட குரலில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, "அவன் வெளிய போயிருக்கானேப்பா" என்பேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். ஆக, ஒரு பொம்பளையை நடுவில் வைத்துப் பொய் சொல்வது வசதியான காரியம் என்று உனக்குக் காட்டிக் கொடுத்ததில் எனக்குப் பங்கு உண்டு. அவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் என் தலையில் கட்டாதே. வளர்ந்த பிறகும் அதையே செய்வது உன் சொந்தச் சம்பாத்தியம். இந்த இடத்தில் மருமகளைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருக்கிறவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகலாம். அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளை நான் பெறவில்லை.

உன்னை மட்டமாகவே எழுதிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும், அதனால் இதையும் எழுதுகிறேன். இந்தத் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்ற அந்த டிசம்பரை முடிச்சூரில் யாரும் மறக்க மாட்டார்கள். கீழ்வீடு முழுகிப்போய், உன் அப்பாவும் நானும் மாடி அறையில் இருந்தோம். கரன்ட் இல்லை. செல்போன், வீட்டுப் போன் எதிலும் உயிர் இல்லை. ஊரையே யாரோ போர்டிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் கீழே யாரோ கத்துகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நீ. மார்பளவு தண்ணீரில், பாலிதீன் பையில் ரொட்டியும் அப்பா மாத்திரையும் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறாய். தாம்பரத்திலிருந்து நடந்தும் நீந்தியும் வந்திருக்கிறாய், காலில் கம்பி கிழித்து ரத்தம். அப்பா, "பாம்பு கீம்பு கடிச்சிருந்தா என்னடா பண்ணியிருப்ப, அறிவிருக்கா?" என்று கத்தினார், கத்திக்கொண்டே அழுதார். நீ தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னாய்: "போன் போகலப்பா. அதான் வந்தேன்." அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் உன் அப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். நானும் இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

அப்பா போன பிறகு நீ வண்டலூரில் பதினாலாவது மாடிக்குக் குடிபோனாய். வண்டியில் வந்தால் கால் மணி நேரம். வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற அம்மாக்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள விமானக் கட்டணம் இருக்கிறது, நேர வித்தியாசம் இருக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. நான் தனியாக இருக்கிறேன் என்று கவலைப்பட்டு நீ ஒரு டப்பி வாங்கிக் கழுத்தில் மாட்டினாய். நடுவில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் எங்கேயோ ஒரு கம்பெனியில் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டரில் என் பேர் எரியும், அவள் அந்த டப்பி வழியாகவே என்னோடு பேசுவாள், பிறகு உன்னைக் கூப்பிட்டு இணைப்பாள். நீ விளக்க விளக்க எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏண்டா, இது நம்ம பழைய போர்டுதானே?" என்றேன். நீ, "அதெல்லாம் இல்லம்மா, இது வேற டெக்னாலஜி" என்றாய். கைப்பிடிக்குப் பதில் பொத்தான், தகடுக்குப் பதில் விளக்கு, ஸ்டெல்லாவுக்குப் பதில் வேறொரு பெண், இதுதான் உன் டெக்னாலஜி. ஆனால் ஒன்று மாறியிருந்தது. அப்போது நான் எடுக்கிற இடத்தில் இருந்தேன், இப்போது சுற்றுகிற இடத்தில் இருக்கிறேன்.

அதை நான் விளையாட்டாக அமுக்கினதில்லை. ஒருமுறை குளிக்கும்போது தவறுதலாக அமுங்கிவிட்டது. இன்னொரு முறை தலை சுற்றியது, நீ வந்து பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. வந்தவன் வாசலிலேயே நின்று, "நல்லாத்தானம்மா இருக்க" என்றாய். நன்றாக இருந்தது தப்பாகப் போய்விட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது தடவை அந்த மத்தியானம். பின்பக்கம் துணி எடுக்கப் போனவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. வெயில் மூஞ்சியில் அடிக்கிறது. பொத்தானை அமுக்கினேன். அந்தப் பெண் உடனே எடுத்தாள், அதற்கே அவளுக்குக் கோடிப் புண்ணியம். "மேடம், சொல்லுங்க, என்ன ஆச்சு? பயப்படாதீங்க, லைன்லயே இருங்க, சாரை கனெக்ட் பண்றேன்" என்றாள். எதிர்முனையில் மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு அது கேட்டிருக்கக் கூடாது. கீ நடுவில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அம்மாடி, தள்ளிவிடு என்று வாய் திறப்பதற்குள் நீ எடுத்துவிட்டாய்.

நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. "மறுபடியுமா? போன தடவையும் இப்படித்தான், ஒண்ணுமே இல்ல." அந்தப் பெண், "சார், இந்தத் தடவை விழுந்துட்டாங்க சார், வலியில பேசறாங்க" என்றாள். நீ, "தெரியும்மா, எப்பவும் இதே கதைதான். நான் ஒரு முக்கியமான கால்ல இருக்கேன். நாட் ரீச்சபிள்னு சொல்லிடுங்க. பக்கத்துல யாராவது பாத்துப்பாங்க" என்றாய். டக். பிறகு அந்தப் பெண் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "மேடம்... சார் நம்பர் நாட் ரீச்சபிள்னு வருது மேடம்" என்றாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும், தம்பி. பொய் சொல்வதற்கு முன்னால் ஆபரேட்டர் விடுகிற மூச்சு அது. மில்காரருக்காக நானே எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, "சரிம்மா, பரவாயில்ல" என்றேன். வெயிலில் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்துகொண்டு, யார் பெற்ற பெண்ணுக்கோ நான் ஆறுதல் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக் கற்பகம் உனக்குத் தெரியும். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கிறவள். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். மதில் பக்கம் திரும்பி இரண்டு தடவை கத்தினேன். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். "இன்னாம்மா, வுயுந்துட்டியா? எந்திரிக்காத, எந்திரிக்காத, நா தூக்குறேன்" என்று என்னை அள்ளி எடுத்தாள். என் புடவை முழுக்கக் குழம்புக் கை. ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போய், கட்டுப் போடும்வரை பக்கத்திலேயே இருந்தாள். "புள்ளைக்கு போன் போட்டியா?" என்று கேட்டாள். "போகலடி" என்றேன். பார், உனக்காக நானும் ஒரு பொய் சொன்னேன், பழகின வாய். அவள், "அப்போ தண்ணி வந்தப்போ போன் போகலன்னுதான நீந்திக்கினு வந்துச்சு புள்ள?" என்றாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "டவரே இல்லம்மா, இப்பதான் மிஸ்டு கால் பாத்தேன்" என்றாய். எவ்வளவு சரளமாக வருகிறது உனக்கு! ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் அந்தக் குடியிருப்பின் வழுவழுப்பான படங்களும் கொண்டுவந்தாய். நான் விழுந்ததே உனக்கு ஒரு காரணமாகிவிட்டது, "அதுக்குத்தாம்மா சொல்றேன், அங்க எப்பவும் ஆள் இருப்பாங்க" என்றாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசினது என் காதில் விழுந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், காரணம் சொல்வாய், அந்தப் பெண் மேல் கம்பெனிக்குப் புகார் எழுதுவாய். இந்த மூன்றில் மூன்றாவதுதான் முதலில் நடக்கும் என்று தோன்றியது, அதனால் சொல்லவில்லை. இப்போதும் சொல்கிறேன், அவள் மேல் ஏதாவது எழுதினாய் என்றால் எனக்குப் பிள்ளையே இல்லை. அவள் கை தவறி விட்டாளா, ஸ்டெல்லா மாதிரி வேண்டுமென்றே விட்டாளா என்று நான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எது என்றாலும் அவளுக்கு என் நன்றி. அந்த ஸ்டெல்லாவோடு பேசாமல் இருந்தேனே, அதற்காகத்தான் இப்போது வருத்தமாக இருக்கிறது.

வயசான அம்மாக்கள் கடிதம் எழுதினால் கடைசியில் நாலு புத்திமதி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வர இஷ்டமில்லை என்றால் வரவில்லை என்று நீயே சொல். "அம்மா, எனக்கு அலுத்துப்போச்சு" என்று என் காதில் நேராகச் சொல்லியிருந்தால் வலித்திருக்கும், ஆனாலும் அது எனக்கும் உனக்கும் நடுவில் இருந்திருக்கும். மாசச் சம்பளத்துக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை, விழுந்து கிடக்கிற கிழவியிடம் பொய் சொல்ல வைக்காதே. அவள் வீட்டுக்குப் போய் அன்றைக்கு எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்று நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். நான் நினைத்தேன், ஏனென்றால் நான் அப்படிச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். உனக்கும் ஒரு நாள் வயசாகும். உன் பொத்தானுக்கு எவன் என்ன பதில் சொல்வானோ. அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. பெற்றவளின் சாபக்கேடு, சபிக்கக்கூட வராது.

சரி, நீ கேட்டதற்குப் பதில். நான் எங்கேயும் வரவில்லை. பெல் அடித்தால் ஆள் வருகிற இடம் எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு நேற்றுக் காலை நானே போன் செய்தேன். எடுத்தது அதே பெண்தான், குரலை மறக்கிறவள் நான் இல்லை. அவசரத்துக்கு முதலில் கூப்பிட வேண்டிய நம்பரை மாற்ற வேண்டும் என்றேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "மேடம், அன்னிக்கு..." என்று இழுத்தாள். "கால் இப்ப தேவலம்மா. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "இனிமேதான் மேடம்" என்றாள். உன் நம்பரை எடுக்கச் சொல்லி, கற்பகத்தின் நம்பரைக் கொடுத்தேன். "ரிலேஷன்ஷிப் என்ன போடட்டும் மேடம்?" என்றாள். "கூப்பிட்டா வர்றவங்கன்னு போடு" என்றேன். "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம், அதர்ஸ்னு போட்டுக்கட்டுமா?" என்றாள். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று தோன்றினால் வா, கதவைத் தட்டினால் திறப்பேன், சோறு போடுவேன். முன்கூட்டிப் போன் மட்டும் செய்யாதே, வெள்ளத்தில் வந்த அன்றைக்குப் போன் செய்துவிட்டா வந்தாய்? பேசி முடித்தவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்றேன் இல்லையா, நான் சுற்றிவிட்டேன். இனிமேல் அந்தக் கம்பெனியிலிருந்து உனக்கு எந்த நேரத்திலும் தொந்தரவு வராது. வராததை வைத்து அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு யாரோ வந்து தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அம்மா